திரையில் ஒன்றும் தெரியாது

ரிப்பேர்க் கடைக்கு வாத்தியார் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஆறாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்த பழைய கம்ப்யூட்டர் அது. நாலாயிரத்து நூற்று ஐம்பதைக் கையோடு கொடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த சம்பளத்தில் தருவதாகச் சொல்லி, பெட்டியையும் திரையையும் கிடங்கின் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி வீடு கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

வாத்தியார் என்றதும் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் மூட்டை தூக்குகிறவர். இருபத்து மூன்று வருஷமாக ஒரே கிடங்கு, ஒரே வாசல், ஒரே தராசு. நாற்பத்தொரு வயதில் சங்கத்து அறையில் நடந்த வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டார். கொக்கி பிடித்தே காய்த்துப்போன விரலில் பென்சில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஒரு வருஷம் கழித்து, நாலு மணி டீ நேரத்தில் கடையில் கிடந்த பேப்பரை எடுத்து, கூட வேலை செய்கிற ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். ஆனால் படித்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் வாத்தியார். கேலியாகத் தொடங்கி நிஜமாகிப்போன பெயர்.

அந்தப் பெயருக்குள் ஒரு ஓட்டை இருந்தது. அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்கு அச்சு எழுத்துதான் வரும். பேப்பர், பெயர்ப் பலகை, மருந்து அட்டை, இதெல்லாம் படித்துவிடுவார். கையெழுத்து என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு மாதிரி இழுக்கும். ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். சணல் சிக்கு மாதிரிதான் அவருக்குத் தெரியும், எங்கே முனை எங்கே முடிச்சு என்று பிடிபடாது. வீட்டுக்கு வருகிற சீட்டு, துண்டுக் காகிதம் எல்லாம் மனைவி படித்துச் சொல்வாள். வெளியே யாராவது ஒரு சீட்டை நீட்டினால் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, “கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேம்ப்பா” என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. எட்டு வருஷமாக ஒரு மனுஷன் தினமும் எப்படிக் கண்ணாடியை மறப்பான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

போன மாதம் முதுகு போயிற்று. மூட்டை தோளில் ஏறும்போது இடுப்பிலிருந்து குதிகால் வரை கம்பி காய்ச்சி இழுத்த மாதிரி ஒரு வலி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி தூக்கினால் படுக்கைதான் என்றார். அந்தச் சமயத்தில்தான் கிடங்குக் கேட்டில் லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிற கிளார்க் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்தது.

“கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கத் தெரிஞ்சா அந்த நாற்காலி உனக்குத்தான்யா” என்றார் சூப்பர்வைசர். “வாத்தியார்னு பேர் வாங்கி வெச்சிருக்கியே, சும்மாவா?”

லாரிக்காரர்கள் கையால் எழுதிக் கொண்டுவருகிற சீட்டைப் பார்த்துத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடிக்க வேண்டும். அது வாத்தியாருக்குத் தெரியாமல் இல்லை. ‘டிரைவரையே வாயால சொல்லச் சொல்லிக் கேட்டு அடிச்சுக்கலாம்’ என்று மனசுக்குள் ஒரு வழி போட்டு வைத்திருந்தார். முதலில் தட்டக் கற்றுக்கொண்டாக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெட்டி.

டீக்கடைக்கு ஒட்டினாற்போல் இருந்தது ரிப்பேர்க் கடை. ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். அதை நடத்தியது ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். காதில் பென்சிலும் கையில் ஈயம் பற்றவைக்கிற கம்பியுமாக நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள்.

“இதுல லினக்ஸ் போட்டிருக்கேண்ணே” என்று பெட்டியைத் தட்டிக் காட்டினாள். “பழைய பொட்டிக்கு இதுதான் தாங்கும். உங்க கோடவுன் கேட்ல இருக்கறதும் இதேதான். இதுக்குக் காசும் கிடையாது. ஆனா தமிழ் அடிக்கறதுக்கு ஒரு சாமான் இறக்கணும். இன்னிக்குப் பாருங்க, காலையிலேருந்து நெட்டே இல்ல. எப்படிச் செய்யணும்னு எழுதித் தரேன். வீட்டுல போன் நெட்டப் போட்டு நீங்களே செஞ்சிடலாம்.”

ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினாள். நடுவில் ஓர் ஆங்கில வரியை மட்டும் எழுத்து எழுத்தாகப் பிரித்து, பெரிதாக எழுதினாள். மற்றதெல்லாம் ஓட்டக் கையெழுத்து.

“என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒரு தடவ படிச்சுப் பாத்துக்குங்க. புரியுதா?”

வாத்தியார் தாளை வாங்கினார். படிக்கிறவன் கண் எந்த வேகத்தில் இறங்குமோ அந்த வேகத்தில் கண்ணை மேலிருந்து கீழே இறக்கினார். நடுவில் ஒரு தடவை தலையை ஆட்டினார்.

“புரியாம என்ன தங்கச்சி” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வார விடுமுறை வந்தது. மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா மகளுக்குப் பிரசவம், நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வரட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அவள் வருவதற்குள் தமிழில் இரண்டு வரி அடித்துவைத்து அசத்திவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை.

குளித்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, ஏதோ ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி பெட்டி முன்னால் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டதும் விசிறி கரகரத்தது. பாஸ்வேர்டு கேட்டது. அவருடைய தொழிலாளர் எண்ணை இரண்டு தடவை சேர்த்து அதற்கு வைத்திருந்தார்கள். ஆறு எண். ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, கட்டத்துக்குள் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியாக வந்து உட்கார்ந்தது. ஆறு புள்ளி. திறந்துகொண்டது.

கடைக்காரப் பெண் காட்டியிருந்தபடி போனை ஒயரில் மாட்டினார். கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்தார். அந்த ஆங்கில வரியில் நாலு சொல் இருந்தது, கடைசிச் சொல்லின் நடுவில் ஒரு சின்னக் கோடு. அவருக்கு அது எழுத்தல்ல, படம். சங்கத்து அறையில் அ போட்டுப் பழகிய மாதிரியே தாளில் ஒரு விரலும் கீபோர்டில் ஒரு விரலுமாகத் தேடித் தேடித் தட்டினார். இடைவெளி விடாமல் எல்லாவற்றையும் ஒட்டி அடித்ததில் ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிற மாதிரி ஏதோ வந்தது. தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, எங்கே சந்து விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து மறுபடி அடித்தார். கோட்டை விட்டுவிட்டார். மூன்றாவது தடவை என்டர் தட்டியதும் ஜன்னல் ஒத்துக்கொண்டது. பாஸ்வேர்டு கேட்டது.

அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து முதல் எண்ணைத் தட்டினார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினார். புள்ளி வரவில்லை. ஆறு எண்ணையும் தட்டினார். திரையில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. சரியாக அழுந்தவில்லை போல என்று இன்னொரு தடவை ஆறையும் அழுத்தி அழுத்தித் தட்டினார். கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்து உதறினார். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். மூன்றாவது தடவையும் தட்டியபோது கை தவறி என்டர் பட்டுவிட்டது. உடனே ஒரு வரி வந்தது. அதில் முதல் சொல் மட்டும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலம். ஸாரி.

‘இத்தன வருஷத்துல எங்கிட்ட ஸாரி சொன்ன மொத ஆளு இதுதான்’ என்று முதல் தடவை சிரித்துக்கொண்டார். மூன்றாவது ஸாரிக்குப் பிறகு ஜன்னல் பழைய இடத்துக்கே போய் நின்றது. சிரிப்பு வரவில்லை.

தாளில் வழி இருக்கும் என்று தெரியும். தமிழில் ஏழெட்டு வரி இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தார், தூர வைத்தார், கிட்ட வைத்தார். ஒரு ‘ட’ தெரிந்தது. ஒரு ‘ப’ மாதிரி ஏதோ. அதற்கப்புறம் சணல் சிக்குதான். அடுத்த வீட்டில் துணி தைக்கிற அம்மா நன்றாகப் படிப்பாள். தாளை எடுத்துக்கொண்டு அவள் வாசல் வரைக்கும் போனார்.

உள்ளேயிருந்து, “வாங்க வாத்தியாரே, என்ன விஷயம்?” என்று குரல் வந்தது.

“ஒண்ணுமில்லம்மா, உங்க வீட்டுல கரன்ட் இருக்கான்னு கேக்க வந்தேன்.”

“மிஷின் ஓடற சத்தம் கேக்கலையா?”

“ஆமால்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அன்றைக்குப் பகல் முழுக்க அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுதத் தெரியாதவன் கை இது என்று பெட்டி எப்படியோ கண்டுபிடித்துவிட்டதோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு தாங்க முடியாமல் இருந்தது. பெட்டி கெட்டுப்போன பெட்டி என்று நினைப்பது எவ்வளவோ தேவலையாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் அதையே நம்பிவிட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு எல்லோரும் டீக்கடையில் நின்றார்கள். ஏழு பேரும், ஸ்டூலில் சூப்பர்வைசரும். டீயைக் குடித்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் கடைக்காரப் பெண்ணிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் வாத்தியார் இருந்தார். சோடா விடவில்லை. தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்குச் சோடா என்று பெயர்.

“என்ன வாத்தியாரே, பொட்டி வாங்கி ஒரு வாரமாச்சு. தட்டுற தட்டுல கீபோர்டே தேஞ்சிருக்குமே?”

“எங்க தட்ட? பாதியில மக்கர் பண்ணுது.”

“யாரு, நீயா பொட்டியா?” என்றான் சோடா. எல்லோரும் சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் டம்ளரை இறக்கினார். “என்னய்யா, பழசத் தலையில கட்டிட்டாளா?”

சுவரை ஒட்டிய கடை. அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கடைக்குள் ஓர் ஆள் நின்றிருந்தார். டியூஷன் சென்டர் நடத்துகிற சார். மூன்று பெட்டி வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே பண்ணுது?”

“பாஸ்வேர்டு ஏற மாட்டேங்குது. அடிச்சா ஒரு எழுத்து வரல, ஒரு புள்ளி வரல.”

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தெரிந்த தொல்லைதானா என்கிற நிம்மதிச் சிரிப்பு. “அட, அதத்தான் பேப்பர்ல எழுதியிருந்தேனே. படிக்கலையா?”

படிக்கலையா.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் பார்த்தார். வாத்தியாருக்குக் காது மடல் இரண்டும் கொதித்தது. 

“படிச்சேன்! ஒண்ணு விடாமப் படிச்சேன்! நீ எழுதின மாதிரியேதான் செஞ்சேன்!”

“எழுதின மாதிரியேவா? அண்ணே, அது வந்து அப்படித்தான்—”

“எது அப்படித்தான்? காசு கைக்கு வந்தா அப்படித்தானா? செத்த பொட்டிக்குச் சட்ட போட்டு வித்துட்டு, படிக்கலையான்னு எங்கிட்டயே கேக்கற. நாலு எழுத்து தெரிஞ்ச எங்கிட்டயே இந்த வேலயக் காட்டறியே, ஒண்ணும் தெரியாதவன் வந்தா உரிச்சு உப்புத் தடவிடுவ போலருக்கே!”

“போடு!” என்றான் சோடா. யாரோ ஒருத்தன் விசில் அடித்தான்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு வாத்தியாருடைய முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். என்ன தோன்றியதோ, வாயை மூடிக்கொண்டாள். உள்ளே நின்றிருந்த டியூஷன் சார், கையில் வைத்திருந்த மவுஸை மெதுவாக மேஜையில் வைத்தார். “நான் அப்புறமா வரேம்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பொட்டியக் கொண்டு வாங்கண்ணே, பாத்துத் தரேன்” என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. “அதுவரைக்கும் பாக்கி குடுக்க வேணாம்.”

கிடங்குக்குத் திரும்பும்போது தோளில் தட்டாத கை இல்லை. “வாத்தியார்னா சும்மாவா, விட்டாரு பாரு ஒரு டோஸ்” என்றார்கள். பெரிதாக ஏதோ சாதித்த மாதிரி நடந்தார். ஆனால் பெட்டியை மட்டும் கடைக்குக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி வந்தாள். பையை இறக்கி வைத்து, குழந்தை யார் சாயல் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் தாளை நீட்டினார். அவள் நின்ற வாக்கிலேயே படித்தாள். முன்பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பினாள்.

வாத்தியார் திடுக்கிட்டார். பின்னாலும் எழுதியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

“‘பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. புள்ளிகூட வராது. பக்கத்தில் நிற்பவர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. பயப்பட வேண்டாம். ஒரே தடவை அடித்து என்டர் தட்டவும்’னு எழுதியிருக்கா. ஒரே தடவங்கறதுக்குக் கீழ கோடு வேற போட்டிருக்கா. நீங்க எத்தன தடவ அடிச்சீங்க?”

அவர் போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். கறுப்பு ஜன்னல். நாலு சொல், மூன்று சந்து, ஒரு கோடு. பாஸ்வேர்டு கேட்டது. ஆறு எண்ணை இருட்டில் படி இறங்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றாக வைத்து, ஒரே ஒரு தடவை என்டர் தட்டினார்.

மளமளவென்று வரிகள் ஓடின. அருவி மாதிரி இறங்கி, கடைசியில் அமைதியாக நின்றன. மனைவி தாளைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, பெட்டியை அணைத்து மறுபடி போட்டு, செட்டிங்ஸில் போய் மொழிகளில் தமிழைச் சேர்த்தார். மொழி மாற்றுகிற பொத்தான் இரண்டையும் சேர்த்து அமுக்கினார். வெள்ளைப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார். அ வந்தது. அச்சு அடித்த மாதிரி, பேப்பரில் வருகிற அதே அ.

“அட!” என்றாள் மனைவி. “என் பேர அடிங்க பாப்போம்.”

நாலு நிமிஷம் பிடித்தது. அடித்தார். அவள் பெயர் திரையில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

“என்னங்க? முதுகு வலிக்குதா?”

அப்போதுதான் டீக்கடையில் நடந்ததைச் சொன்னார். உரிச்சு உப்புத் தடவுவ என்றதை விட்டுவிட்டுத்தான் சொல்லப் பார்த்தார். அவள் கிண்டிக் கிண்டிக் கேட்டதில் அதுவும் வந்துவிட்டது.

“அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் மனைவி. “குழந்தைக்குச் சொல்ற மாதிரி உக்காந்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருக்கா. படிக்க வரலன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு வெக்கம். ஊரு பாக்க ஒருத்தியத் திருடின்னு சொல்றதுக்கு வெக்கம் இல்ல. நல்லாருக்கு.”

 சொல்லிவிட்டுத் துணி மடித்தாள். மடித்து முடித்ததும் அவளே டப்பாவைத் திறந்து, பாக்கிக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை எண்ணி அவர் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கடைக்குப் போனார். அந்த நேரத்தில் டீக்கடையில் ஈ காக்கை இல்லை. அதைக் கணக்குப் பண்ணித்தான் போனார். அவள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“பொட்டி வேல செய்யுது தங்கச்சி. தப்பு எம்மேலதான். இந்தா, பாக்கி.”

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பணத்தை வாங்கவில்லை.

“யார் படிச்சுச் சொன்னாங்க?”

வாத்தியார் பணம் நீட்டிய கையை இறக்கினார். “உனக்கு… தெரியுமா?”

“அன்னிக்கு நீங்க கத்தும்போதுதான் உறைச்சுதுண்ணே. பேப்பர் குடுத்தப்ப மேலேருந்து கீழ பாத்தீங்க, பின்னால திருப்பவே இல்ல. எழுதினத அப்படியே செஞ்சேன்னு நீங்க சொன்னதும் புரிஞ்சுபோச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே. அத்தன திட்டு வாங்கிட்டு நின்னியே.”

“சொல்லியிருப்பேன். ஏழு பேர் நின்னாங்க. உங்க மொதலாளி மாதிரி ஒருத்தர் வேற ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. உங்க மானம் போயிடுமேன்னு பாத்தேன்.” அவள் குனிந்து குப்பையை முறத்தில் அள்ளினாள். “அந்த டியூஷன் சார் வேற கடையில மூணு பொட்டி வாங்கிட்டாரு. பொட்டிக்கு ஆயிரம் ரூவா நின்னிருக்கும். போனது போச்சு, அத உங்ககிட்ட கேக்க மாட்டேன்.”

“இல்ல தங்கச்சி, அதையும் நான் கொஞ்சம் கொஞ்சமா—”

“வேணாம். ஆனா இந்தப் பணத்த இப்ப வாங்க மாட்டேன். திட்டினது நாலு மணிக்கு, எட்டுப் பேர் முன்னால. குடுக்கறது மட்டும் காலையில எட்டு மணிக்கு, ஆள் இல்லாத நேரமா? நாலு மணிக்கு வாங்க. எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. பொட்டி நல்ல பொட்டின்னு அவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க, போதும்.”

முதுகு போனதிலிருந்து அவரைத் தராசுப் பக்கம்தான் நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு நிறையும் சரியாகப் பார்க்கவில்லை. கேட்டில் ஓய்வு பெறப்போகிற கிளார்க் லாரிக்காரரிடம் சீட்டை வாங்கி, படித்து, அடித்து, படித்து, அடித்துக்கொண்டிருந்தார். சாய்மானம் உள்ள நாற்காலி. மேலே விசிறி. கிளார்க் போகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது தன்னுடையது என்று வாத்தியாருக்குத் தெரியும். பொட்டி நல்ல பொட்டி என்று சொன்னால் போதும் என்று அவளே சொல்லியும் விட்டாள்.

நாலு மணி. டீ வந்தது. ஏழு பேர். ஸ்டூல். அவர் டம்ளரைத் தொடாமல் ரிப்பேர்க் கடை வாசலில் போய் நின்றார். அவள் உள்ளே குனிந்திருந்தாள். நிமிர்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

“எல்லாரும் கேளுங்கப்பா” என்றார்.  “அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பொட்டி நல்ல பொட்டி. நல்லா வேல செய்யுது.”

“அப்ப அன்னிக்கு என்னாச்சாம்?” என்றான் சோடா.

“அது… ஒயரு கொஞ்சம் லூசா இருந்துச்சு.”

சொன்ன உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. லூசான ஒயரும் அவள் விற்ற ஒயர்தானே.

“பாத்தியா, நான் சொல்லல? பழசுன்னா அப்படித்தான்” என்றார் சூப்பர்வைசர். கடைக்குள் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கம்பியைக் கையில் எடுத்தாள். கோபம்கூடப் படவில்லை, எதிர்பார்த்ததுதான் என்பது போல.

“ஒயரு லூசு இல்ல” என்றார் வாத்தியார்.

“பின்ன?”

“எனக்குக் கையெழுத்துப் படிக்க வராது.”

 டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

“பேப்பர்ல அச்சடிச்சிருந்தா படிப்பேன். கையால எழுதினது ஒண்ணும் தெரியாது. இந்தப் பொண்ணு எப்படிச் செய்யணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துச்சு. படிக்கிற மாதிரி நடிச்சு வாங்கிட்டுப் போனேன். பாஸ்வேர்டு அடிச்சா திரையில ஒண்ணும் தெரியாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. தெரியாம, ஆறு எண்ண மூணு மூணு தடவ தட்டிட்டு, பொட்டி செத்துப்போச்சுன்னு இந்தப் பொண்ணத் திருடின்னேன். அதனால அதுக்கு மூவாயிரம் ரூவா லாபம் போச்சு.”

“அப்ப அந்தக் கண்ணாடி?” என்று மெதுவாகக் கேட்டான் சோடா.

“கண்ணாடியே இல்லடா.”

சோடாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. புரையேறி டீயைத் துப்பினான். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் டம்ளருக்குள் பார்த்தார்கள். சிரித்தவர்களைவிட அவர்களைப் பார்க்கத்தான் வாத்தியாருக்குக் கஷ்டமாக இருந்தது. உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நடுத்தெருவில் நிற்கிற மாதிரி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. “அப்ப கேட்ல டிரைவர் எழுதின சீட்டு வந்தா என்ன பண்ணுவ?”

“படிக்க வராதுங்க. இனிமேதான் பழகணும்.”

“ம். பாக்கலாம்” என்று எழுந்து வேட்டியைத் தட்டினார். அவர் வாயில் பார்க்கலாம் என்று வந்தால் இல்லை என்று அர்த்தம். இருபத்து மூன்று வருஷத்தில் அதைத் தெரிந்துகொள்ள எழுத்து தேவைப்படவில்லை.

ஒவ்வொருத்தராகக் கிடங்குப் பக்கம் நடந்தார்கள். வாத்தியார் கடைக்குள் பணத்தை நீட்டினார். இப்போது அவள் வாங்கினாள். எச்சில் தொட்டு ஒரு தடவை எண்ணினாள். சந்தேகம் போல, தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை எண்ணினாள். அவளுடைய நஷ்டத்துக்கென்று அவர் சொல்லாமல் சேர்த்து வைத்த நூறு ரூபாய்த் தாள் ஒன்று அதிகமாக இருந்தது. அதை உருவி மேஜையில் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது. சரியா இருக்குண்ணே.”

மேஜை இழுப்பறையைத் திறந்து மிச்சத்தை உள்ளே போட்டு, முழங்காலால் மூடினாள். பிறகு பற்றவைக்கிற கம்பியை எடுத்து, பாதியில் விட்டிருந்த வேலையின் மேல் குனிந்தாள்.